மஞ்சுமலையின் நீலக்கால் பறவை

வெகு வெகு காலத்துக்கு முன்னால், கடலும் மலையும் ஒன்றையொன்று கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், பவளக்கரை என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டை உக்கிரசேனன் என்ற ராஜா ஆண்டான். அவனிடம் யானை இருந்தது, சேனை இருந்தது, பெரிய கிரீடம் இருந்தது. கிரீடத்தில் செருக ஓர் இறகுதான் இல்லை.

"மயிலிறகு வைத்துக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்பீர்கள். நீங்களும் நானும் வைத்துக்கொள்வோம். ராஜாவுக்கு அது போதவில்லை. அவனுக்குச் சொர்க்கப் பறவையின் இறகு வேண்டும்.

சொர்க்கப் பறவை மஞ்சுமலையில் இருந்தது. மேகம் விலகாத மலை அது. அந்தப் பறவைக்குக் காலே கிடையாது, அது தரையில் இறங்காது, பனியைக் குடிக்கும், காற்றிலேயே படுத்துத் தூங்கும் என்று நாட்டில் எல்லாரும் சொன்னார்கள். சொன்னவர்கள் யாரும் அதைப் பார்த்ததில்லை.

ராஜா வேடர்களை அனுப்பினான். வேடர்கள் திரும்பவில்லை. வீரர்களை அனுப்பினான். வீரர்கள் திரும்பவில்லை. கடைசியில் மலையடிவாரத்தில் தேன் எடுக்கிறவர்களை அனுப்பினான். அவர்களும் திரும்பவில்லை.

அப்படிப் போனவர்களில் ஒருவன் கொம்பையன். பாறை இடுக்கில் கயிற்றைக் கட்டித் தொங்கித் தேன் எடுப்பான். கயிற்றின் மேல்முனையைப் பிடித்துக்கொண்டு அவன் மனைவி பேச்சி பாறை உச்சியில் உட்கார்ந்திருப்பாள். வேறு யார் பிடித்தாலும் அவன் இறங்க மாட்டான்.

"பறவையோடு வா. இல்லாவிட்டால் உன் ஊரைக் கொளுத்துவோம்" என்று சேவகர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். கொம்பையன் புறப்பட்டான்.

"பூசணி பூக்கறதுக்குள்ள வந்துடுவேன் புள்ள" என்றான்.

பூசணி பூத்தது. காய்த்தது. கொடி காய்ந்து கூரையிலிருந்து விழுந்தது. கொம்பையன் வரவில்லை.

"கருமாதி பண்ணிடு பேச்சி. இன்னும் எத்தனை நாளைக்கு வாசலையே பாத்துட்டிருப்பே?" என்றார்கள் ஊரார்.

"உடம்பைப் பாக்காம பண்ண மாட்டேன்" என்றாள் பேச்சி. வறுத்த கேழ்வரகு மாவைத் துணியில் முடிந்துகொண்டு மஞ்சுமலை ஏறினாள்.

ஏறினாள், ஏறினாள், ஏறிக்கொண்டே இருந்தாள். அங்கே மேகம் மரத்தோடு மரமாக நின்றது. பாசி கல்லில் ஏறி, மரத்தில் ஏறி, கொஞ்சம் நின்றால் அவள் காலிலும் ஏறிவிடும்போல் இருந்தது. ஓர் அட்டைகூட அவளைக் கடிக்கவில்லை. கடித்திருந்தாலாவது உயிருள்ள ஒன்று நம்மைத் தொட்டது என்று இருந்திருக்கும்.

முதல் முகட்டில் நின்று "மாமா!" என்று கூப்பிட்டாள். "மாமா" என்றது மலை. வேறு பதில் இல்லை. இரண்டாவது முகட்டில் நின்று "மாமா!" என்று கூப்பிட்டாள். "மாமா" என்றது மலை. வேறு பதில் இல்லை. மூன்றாவது முகட்டில் கூப்பிட்டபோது தொண்டை உடைந்துவிட்டது. மலைகூடத் திருப்பிச் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் நடந்தது. அவள் கூப்பிட்ட இடத்திலெல்லாம், காற்றே இல்லாமல், மரத்திலிருந்து இலை உதிர்ந்து அவள் மேல் விழுந்தது. அவள் தட்டிவிட்டுவிட்டு நடந்தாள்.

வழியில் ஒரு கருமந்தி பாறை மேல் உட்கார்ந்திருந்தது. விலா எலும்பு தெரிந்தது.

யாரிடமாவது பேசினால் போதும் என்றிருந்தது பேச்சிக்கு. "இத்தனை மரம் இருக்கு. நீ ஏன் பாறையில உக்காந்திருக்கே?" என்று கேட்டாள்.

"இந்தக் காட்டு மரத்துல ஏறினா அது அழுவுது" என்றது மந்தி. ஆமாம், பேசியது. அந்தக் காலத்து மந்தி அல்லவா?

"மரம் அழுவுமா?"

"மரமா இருந்தா அழுவாது. இதுங்க எல்லாம் மனுசங்க. கிளையை ஒடிச்சா 'அம்மா'ங்குது. பழத்தைப் பறிச்சா பேரு சொல்லுது. யாரோ பொண்டாட்டி பேரு, யாரோ புள்ள பேரு. எனக்குத் தின்னவே பிடிக்கலை. நீ திரும்பிப் போயிடு."

பேச்சி மந்தியின் அருகே போனாள். "பேச்சின்னு எந்த மரமாவது சொல்லுச்சா?" என்று கேட்டாள்.

மந்தி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டது.

பேச்சி ஓடினாள். பக்கத்து மரத்தைக் கட்டிக்கொண்டு "நீங்களா மாமா?" என்றாள். அடுத்த மரத்தைக் கட்டிக்கொண்டு "நீங்களா?" என்றாள். காடோ முடிகிற காடு இல்லை. உரசி உரசி அவள் கன்னம் புண்ணானது. எந்த மரமும் வாய் திறக்கவில்லை.

"ஏன் தாயி வீணா கட்டிப் புடிக்கறே? எந்த மரம்னு எனக்குத்தானே தெரியும்" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

அவன்தான் ஊமத்தன். அந்த மலையின் மந்திரவாதி. தோளில் ஒரு போர்வை போட்டிருந்தான். போர்வை முழுக்கப் பறவைத் தோல். ஒரு காலத்தில் ஏழு நிறத்திலும் மின்னியிருக்கும். இப்போது அடுப்புச் சாம்பல் நிறம்.

ஊமத்தனின் கதை இதுதான். சொர்க்கப் பறவையின் இதயத்தைத் தின்றால் சாவு தள்ளிப்போகும் என்று அவன் கண்டுபிடித்தான். பழமரங்களில் பிசின் தடவிப் பறவைகளைப் பிடித்தான். ஒவ்வொன்றாகத் தின்றான். கடைசியாகத் தின்றபோது இரத்தம் அவன் கண்ணில் தெறித்தது. அன்று முதல் அந்த இனப் பறவை எதிரே வந்து உட்கார்ந்தாலும் அவன் கண்ணுக்குத் தெரியாது. குரலும் கேட்காது. தின்றதெல்லாம் தீர்ந்துகொண்டே வந்தது. இன்னும் ஒன்றைத் தின்றால்தான் உயிர் நிற்கும்.

"அவரை விட்டுடுங்க சாமி. உங்க காலைப் புடிக்கறேன்" என்று பேச்சி மண்ணில் விழுந்தாள்.

"கால் வேண்டாம் தாயி. எனக்குக் கண்ணு வேணும்" என்றான் ஊமத்தன். "பறவையைத் தேடி வந்தவனுங்களை எல்லாம் மரமாக்கி நிறுத்தியிருக்கேன். அசையாத கண்ணுங்க. ஒடிச்சாலோ நான் கேட்டாலோதான் வாய் திறப்பானுங்க. தினமும் காலையில ஒவ்வொரு மரமாப் போய் 'பாத்தியா?'ன்னு கேக்கறேன். 'இல்லை'ங்கறானுங்க. நீ தேடு. பாத்துச் சொல்லு. புருஷனும் பொண்டாட்டியும் கைகோத்து இறங்கிப் போகலாம்."

"கண்ணுல படலைன்னா?"

"எங்கே ஓய்ஞ்சு நிக்கறயோ, அங்கேயே நின்னுக்க."

பேச்சி தேடினாள். பறவைக்குக் கால் கிடையாது, தரைக்கு வராது என்று கேட்டே வளர்ந்தவள் ஆயிற்றே. மேலே பார்த்தபடியே நடந்தாள். இலைகளுக்கு நடுவே உள்ளங்கை அளவு வானம் தெரிந்தது. அதிலும் மேகம். மாவு தீர்ந்தது. கழுத்து பிடித்துக்கொண்டது. விழுந்து எழுந்து முழங்கால் கிழிந்தது. அந்தப் பறவையை அவள் வெறுத்தாள். 'உன் ஒருத்தனாலதானே எல்லாம்? கண்ணுல பட்டா அந்த நிமிஷமே காட்டிக் குடுப்பேன்' என்று சொல்லிக்கொண்டே நடந்தாள்.

ஒருநாள் விடியும் நேரத்தில் அதையும் சொல்ல முடியவில்லை. நின்றுவிட்டாள்.

நின்றதும் பாதம் மண்ணுக்குள் இறங்கியது. முழங்கால் வரை பட்டை ஏறியது. இடுப்பு, மார்பு, தோள் என்று ஏறியது. அவள் கத்தவில்லை. 'சரி, இப்படியே போகட்டும்' என்று நினைத்தாள். தலை முன்னால் தொங்கியது. இத்தனை நாள் மேலே பார்த்த கண் இப்போது கீழே பார்த்தது.

கீழே தரை சுத்தமாக இருந்தது.

கேளுங்கள்! காடு முழுக்க முழங்கால் ஆழத்துக்கு இலை மக்கிக் கிடக்கிறது. இங்கே மட்டும் ஒரு பாய் விரிக்கிற அளவு இடம். ஒரு சருகு இல்லை, ஒரு குச்சி இல்லை. துடைத்துவிட்டதுபோல் கிடக்கிறது. இந்த அத்துவானக் காட்டில் வந்து கூட்டுகிறவர் யார் என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, மைனா அளவில் ஒரு பறவை தத்தித் தத்தி வந்தது.

முதுகு இரத்தச் சிவப்பு. பிடரியில் மஞ்சள் கொட்டிவைத்த மாதிரி ஒரு பட்டை. தொண்டையில் பச்சை, அது திரும்பும்போதெல்லாம் பளீரென்றது. வாலில் இரண்டே இரண்டு கம்பி, மீசை முறுக்கியதுபோல் சுருண்டிருந்தன. கால்? கால் இருந்தது. நல்ல நீலக் கால். அந்தக் காலால் தரையில் நின்று, விழுந்து கிடந்த ஒரு புது இலையை அலகால் இழுத்துக்கொண்டு போய் ஓரமாகப் போட்டது.

பிறகு நடுவில் நின்ற ஒரு குச்சிச் செடியில் ஏறிக் கூப்பிட்டது. காத்திருந்தது. யாரும் வரவில்லை.

மறுபடி கூப்பிட்டது. காத்திருந்தது. யாரும் வரவில்லை.

மூன்றாம் தரம் கூப்பிட்டுவிட்டு, யாரோ வந்து எதிரே உட்கார்ந்துவிட்ட மாதிரி, கழுத்தை விரித்து, வாலைத் தூக்கி ஆடியது. அந்த ஆட்டத்தை எப்படிச் சொல்ல? அடுப்பில் ஊதும்போது கங்கு ஒருமுறை சிவந்து, ஒருமுறை பொன்னாகித் திரும்பச் சிவக்குமே, அப்படி. ஆடி முடித்ததும் நாலு பக்கமும் பார்த்தது. பார்க்க யாரும் இல்லை. இறங்கிப்போய் இன்னொரு சருகை எடுத்துப் போட்டது.

பேச்சிக்கு முகட்டில் நின்று தான் கூப்பிட்டதும், மலை பேசாமல் இருந்ததும் நினைவுக்கு வந்தன.

பறவை பறந்து வந்து அவள் தோளில் உட்கார்ந்தது. தோள் அப்போது கிளையாகியிருந்தது. பறவை சிறகை உதறியது.

அந்த நேரம் பார்த்து ஊமத்தன் வந்தான். அவள் எதிரில் நின்றான். அவன் மூக்குக்கும் பறவைக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

"பாத்தியா?" என்றான்.

'பாத்தேன், இதோ இருக்கு' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"இல்லை" என்றது வாய்.

ஊமத்தன் போய்விட்டான். பேச்சி அழுதாள். "என் புருஷனை நானே கொன்னுட்டேனே, என்னத்துக்கு அப்படிச் சொன்னேன்?" என்று அழுதாள். பட்டை வழியாகக் கண்ணீர் பிசினாக வழிந்தது.

"அழாத புள்ள."

குரல் மண்ணுக்குள்ளிருந்து வந்தது.

"மாமா! எங்கே இருக்கீங்க?"

"உனக்கு எதிர்ல நிக்கற மரம் நான்தான். என் வேர் உன் வேரைத் தொட்டுட்டிருக்கு."

"மாமா, நான் பாவி. பறவையைப் பாத்துட்டு பாக்கலைன்னு சொல்லிட்டேன்."

கொம்பையன் சொன்னான். "நானும் பாத்தேன். நானும் இல்லைன்னுதான் சொன்னேன்."

"நானும்" என்றது பக்கத்தில் ஒரு வேர். அது ராஜாவின் வேடன். "அம்பு எய்ய வந்தவன் நான். அது ஆடினதைப் பாத்துட்டு இல்லைன்னேன்."

"நானும்" என்றான் ஒரு போர்வீரன். "நானும்" "நானும்" என்று மலை முழுக்க வேர்வேராகப் போய்க்கொண்டே இருந்தது அந்தச் சொல்.

"சொல்லியிருந்தா வீட்டுக்கு வந்திருக்கலாமே மாமா. நான் அங்கே தனியா..." என்றாள் பேச்சி.

"வந்திருக்கலாம் புள்ள. ஆனா அது கூப்பிட்டதைக் கேட்டேனே. அப்புறம் எந்த வாயால சொல்றது?"

இதைக் கேட்டு அவளுக்கு ஆறுதல் கிடைத்தது என்று நினைக்காதீர்கள். ஒரு காடே சொல்லாமல் நிற்கிறது என்றால், ஒரு காட்டுக்கே விடுதலை கிடையாது என்று அர்த்தம். தேடி வந்தவனைக் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்த இடத்திலேயே இரண்டு பேரும் மரமாக நிற்க வேண்டியதுதான்.

மறுநாள் ஊமத்தன் வந்தான். கொம்பையன் மரத்தின் பட்டையை நகத்தால் உரித்தான். உள்ளே கொம்பையன் முகம் தெரிந்தது. கண் மூடியிருந்தது, உதடு வெடித்திருந்தது.

"நல்லா பாரு. இன்னும் கொஞ்ச நாள்ல இந்த முகமும் கட்டையாயிடும். இப்பச் சொல்லு. பாத்தியா?"

பறவை அவன் தலைக்கு மேலேதான் இருந்தது.

"இல்லை" என்றாள் பேச்சி.

அதற்கு மறுநாள் அவன் கோடாலியோடு வந்தான். அவன் முடி கொத்தாக உதிர்ந்துகொண்டிருந்தது. அவனுக்கும் நாள் நெருங்கிவிட்டது.

"இவனை வெட்டப்போறேன்" என்று கோடாலியை ஓங்கி இறக்கினான். ஒரே வெட்டு. கொம்பையன் மரத்தின் அடிப்பக்கம் பிளந்து, சிவப்பாக ஒழுகியது. மலையில் இருந்த அத்தனை மரமும் குலுங்கின. மந்தி பாறையிலிருந்து அலறியது.

"அடுத்த வெட்டுல சாஞ்சிடுவான். கடைசியாக் கேக்கறேன். பாத்தியா?"

பேச்சி கலங்கிவிட்டாள். அவள் என்ன, யாராக இருந்தாலும் கலங்கத்தான் செய்வார்கள். "பா..." என்று ஆரம்பித்தாள்.

ஊமத்தன் காதைத் தீட்டிக்கொண்டான். பறவை கீழே இறங்கி, அவன் கால் பக்கத்தில் கிடந்த ஒரு சருகை இழுத்தது. மண்ணுக்குள் கொம்பையன் வேர் அவள் வேரை இறுக்கிப் பிடித்தது.

"பா... பாக்கலை" என்றாள்.

கோடாலி மேலே போனது. மேலேயே நின்றது. பிறகு மெதுவாகத் தாழ்ந்தது.

"இத்தனை நாளும் இந்த மரங்க பொய் சொல்லுதுன்னுதான் நினைச்சேன்" என்று ஊமத்தன் முணுமுணுத்தான். "ராஜா அனுப்பி வந்தவன் பொய் சொல்வான். இவ சொல்ல மாட்டா. புருஷன் மேல வெட்டு விழும்போது எவ பொய் சொல்வா? அப்ப நெசமாவே இல்லை. எல்லாத்தையும் நானே தின்னு தீத்துட்டேன்."

அந்தச் சுத்தமான தரையில் தொப்பென்று உட்கார்ந்தான். இத்தனை காலம் அவனைத் தூக்கி நிறுத்தியது மந்திரமில்லை, இன்னும் ஒன்று கிடைக்கும் என்ற ஆசைதான். ஆசை போனதும், தள்ளிவைத்த வயதெல்லாம் ஒன்றாக வந்து அவன் மேல் இறங்கியது. முதுகு வளைந்தது, தோல் சுருங்கியது, எலும்பு பொடிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அங்கே ஊமத்தன் இல்லை, ஒரு குவியல் சருகுதான் கிடந்தது.

அவன் போனான், அவன் கட்டிய கட்டும் போனது. மலை முழுக்கப் பட்டை வெடிக்கிற சத்தம். வேடர்கள் வந்தார்கள், வீரர்கள் வந்தார்கள், தேன் எடுக்கிறவர்கள் வந்தார்கள். ஆரவாரம் இல்லை. கையைக் கையைப் பார்த்துக்கொண்டு ஈர மண்ணில் உட்கார்ந்து அழுதார்கள். ராஜாவுக்கு முன்பே பறவையைத் தேடி வந்த சிலர் மரமாகி ஒரு தலைமுறை ஆகியிருந்தது. அவர்கள் சொன்ன ஊர்ப்பெயர் மற்றவர்களுக்குத் தெரியவில்லை. போகிற வழியில் யாரும் திரும்பி அந்தப் பறவையைப் பார்க்கவில்லை, ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அரண்மனையில் ராஜா ஒவ்வொருவனாக நிறுத்திக் கேட்டான். "மலை முழுக்க நின்னு பாத்தோம் மகாராஜா, அங்கே ஒண்ணுமில்லை" என்றார்கள் எல்லாரும். ஊரைக் கொளுத்தினால் மட்டும் இல்லாத பறவை வந்துவிடுமா? உக்கிரசேனன் முனகிக்கொண்டே மயிலிறகைச் செருகிக்கொண்டான்.

பொய் சொல்லலாமா என்று குழந்தைகள் கேட்பார்கள். எனக்குப் பதில் தெரியாது. அவர்கள் சொன்னார்கள், அவ்வளவுதான்.

பேச்சியும் கொம்பையனும் மலையிறங்கவில்லை. கொம்பையன் தொடையில் கோடாலி வெட்டு ஆழமாக இறங்கியிருந்தது. பேச்சி பச்சிலை அரைத்துக் கட்டினாள், காய்ச்சலில் அவன் பிதற்றும்போது பக்கத்தில் உட்கார்ந்து பிழைப்பானா என்று முகத்தையே பார்த்தாள். காட்டு மரங்கள் இப்போது வெறும் மரங்கள். மந்தி ஏறிப் பழம் பறித்து வந்து கொடுத்தது. கொம்பையன் பிழைத்தான். ஆனால் வலது கால் மடங்கவில்லை. இனி கயிற்றில் தொங்கித் தேன் எடுக்க முடியாது என்று இருவருக்கும் தெரிந்தது.

பறவை அந்தச் சருகுக் குவியலை இலை இலையாக இழுத்துப்போட்டுத் தரையைத் துடைத்துவிட்டிருந்தது. வழக்கம்போல் விடியலில் வந்து கூப்பிட்டது. வழக்கம்போல் யாரும் வரவில்லை. ஒரு புதரின் மறைவில் உட்கார்ந்து அவர்கள் இருவரும் அதைப் பார்த்தார்கள். பார்க்கத் தாங்கவில்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

"ஊமத்தன் சொன்னதுல தப்பில்லை மாமா" என்றாள் பேச்சி. "இது ஒண்ணுதான். இதுவும் போனா இல்லவே இல்லை. நாம காப்பாத்தினது எதை?"

கொம்பையன் கண் வேறு எங்கோ இருந்தது. மெல்ல அவள் கையைத் தொட்டான்.

தரைக்கு மேலே ஒரு கிளையில் தவிட்டு நிறத்தில் ஒரு குருவி உட்கார்ந்திருந்தது. மினுக்கு இல்லை, மஞ்சள் இல்லை, வாலில் கம்பி இல்லை. கிரீடத்தில் செருக ஒன்றும் இல்லாத பறவை. எந்த வேடனும் இரண்டாம் தரம் திரும்பிப் பார்க்க மாட்டான், பிசின் தடவி எவனும் பிடிக்க மாட்டான்.

"யாரு இது?" என்றாள் பேச்சி.

"காலைப் பாரு" என்றான் கொம்பையன்.

கால் நீலமாக இருந்தது.

அந்தத் தவிட்டுப் பெட்டைப் பறவை ஒரு கிளை கீழே இறங்கியது. இன்னொரு கிளை இறங்கியது. கழுத்தைச் சாய்த்துக் கீழே பார்த்தது. செடியில் இருந்தவன் ஒரு கணம் அசைவற்றுப் போனான். பிறகு கழுத்தை விரித்தான். அதுவரை அவன் ஆடிய ஆட்டமெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகும்படி ஆடினான்.

பேச்சி கொம்பையன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினாள். "உஸ், பறந்துடும்" என்றான் அவன். அவன் கண்ணும் வழிந்துகொண்டிருந்தது.

அவ்வளவுதான். கதை மலையேறிவிட்டது. எழுந்திருங்கள், சோறு ஆறுகிறது.